சாம்பல் கோட்டையின் கதவுக் கல்

குதிகால் இரண்டும் விண்விண் என்று தெறித்தன. இரவு முழுக்க இரும்புத் தரையில் நின்றால் வலி முதலில் பாதத்தில் பிடிக்கும், பிறகு கெண்டைக்கால், பிறகு இடுப்பு. குனிந்து வெல்டிங் அடிப்பவனுக்கு முதுகு போகும், கண் போகும். வெளியே நிற்பவனுக்குக் கால் போகும்.

நான் வெளியே நிற்பவன். கப்பலின் வயிற்றில் இருக்கும் இரும்புத் தொட்டிகளுக்குள் வெல்டர் புகுந்துகொள்வார். ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் அதற்கு வாய் இருக்கும். அந்த வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடும் தீயணைப்பானோடும் நான் நிற்பேன். உள்ளே போகிறவர் தன் பேர்த் தகட்டை வாயோரக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். தகடு தொங்கும்வரை நான் நகரக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் நகரக் கூடாது. உள்ளேயும் போகக் கூடாது. கெட்ட காற்றில் மயங்கியவனைத் தூக்க இறங்கி, தாங்களும் செத்தவர்கள் எங்கள் கப்பல் கட்டும் யார்டில் உண்டு.

இதெல்லாம் கம்பெனி விதி. எனக்கும், நான் காவல் நிற்கும் வெல்டர் பியோங்தே அண்ணனுக்கும் தனியாக ஒன்று இருந்தது. நான் சுத்தியலால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவேன். இருக்கியா என்று அர்த்தம். உள்ளிருந்து ஒரு தட்டு வரும். இருக்கேன். வேலை முடிந்து வெளியே வந்ததும் தகட்டைக் கழற்றிவிட்டு, என் காதோரமாக ஒரு தட்டு தட்டுவார். முடிஞ்சுது, நீ போகலாம். அதற்குப் பிறகுதான் என் கால் அந்த இடத்தைவிட்டு எழும். பல வருஷமாக இப்படித்தான். அந்தத் தட்டல் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மேஸ்திரி அண்ணனிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அடுத்து வரும் எரிவாயுக் கப்பலின் தொட்டி வேலைக்கு அண்ணன் போகிறார். பகல் ஷிப்ட் மட்டும். கூட ஒருவனை அவரே அழைத்துக்கொள்ளலாம், பெயரைச் சொன்னால் போதும். எனக்கு இது தெரியும் என்பது அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். போன வருஷமாக இருந்தால் கேட்கிற தேவையே இருந்திருக்காது. இந்த வசந்தத்தில் குவாங்மோ வந்து சேர்ந்தான்.

இருபத்தாறு வயது. கடற்படையில் இருந்துவிட்டு வந்தவன். கை நல்ல கை, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் போட்ட வெல்டிங் தையல் மீன் செதில்போல வரிசையாக விழும். அண்ணனைப் 'பெரியண்ணே' என்று கூப்பிடுவான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அண்ணனும் அவனோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்திருந்தார். என்னோடு இருக்கும்போது அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே குறைவு.

ஷிப்ட் முடிந்ததும் காலையில் நேராக பிசி பாங் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைக்குப் போவோம். யார்டு வாசலுக்கு எதிரே, பன்றி இறைச்சிக் கடைக்கு மேல் மாடி. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், சிகரெட் புகை, ராம்யோன் நூடுல்ஸ் கொதிக்கிற வாசனை. எங்கள் துறைமுக ஊரான ஓக்போவில் பாதிப் பேர், பலர் சேர்ந்து கோட்டைகளுக்குள் பேய்களோடு சண்டை போடும் ஓர் ஆன்லைன் விளையாட்டில்தான் கிடந்தோம். அதில் நான் கேடயக்காரன். முன்னால் போய் அடி வாங்குவது என் வேலை. அண்ணன் வைத்தியர். எனக்குப் பின்னால் நின்று என் உயிர்க்கோடு குறையக் குறைய ஏற்றிவிடுவார். யார்டில் அவர் உள்ளே, நான் வெளியே. விளையாட்டில் நான் முன்னே, அவர் பின்னே. அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நான் கை கழுவிவிட்டு வந்தபோது, அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் குவாங்மோ உட்கார்ந்திருந்தான். அது என் நாற்காலி. கை வைக்கும் இடத்தில் என் சிகரெட் சுட்ட தழும்பு இருக்கும்.

"தல்ஹோ அண்ணே, எதிர் வரிசை காலியா இருக்கு பாருங்க. நேர் எதிர்ல."

"தெரியுது. கண்ணு இருக்கு."

எதிர் வரிசைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மரப்பலகை. உட்கார்ந்தால் முகம் தெரியாது, பேச்சு மட்டும் வரும். ஹெட்போனை ஒரு காதில் மாட்டி, ஒரு காதைத் திறந்து வைத்தேன்.

"இன்னைக்கு சாம்பல் கோட்டை. அடித்தளம் வரைக்கும் போறோம்," என்றார் அண்ணன் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பல் கோட்டையின் அடித்தளத்தை எங்கள் யார்டில் ஒருவரும் முடித்ததில்லை. நானும் அண்ணனும் போன குளிர்காலம் முழுக்க முட்டி மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தோம். அந்த விளையாட்டில் செத்தால் சும்மா எழுந்து நடக்க முடியாது. வாரக்கணக்கில் சேர்த்த அனுபவப் புள்ளிகள் போகும். உடம்பில் மாட்டியிருக்கும் கவசத்தில் ஏதாவது ஒன்று தரையில் விழும். பேய் பொறுக்கிக்கொண்டால் போனது போனதுதான்.

"இவனை வெச்சுக்கிட்டா?" என்றேன்.

"ரெண்டு பேரால முடியாதுன்னுதானே திரும்பி வந்தோம். மூணு பேரு வேணும்டா."

"நான் ரெடி பெரியண்ணே," என்று அவன் சிரித்தான். விளையாட்டில் அவன் பெயர் 'தென்கடல் இளவரசன்'. என் பெயர் 'சுவர்'.

கோட்டையின் மேல் தளத்தில் சமையற்கூடம். செத்துப்போன சமையல்காரர்கள் கொதிக்கும் பானைகளை வீசுவார்கள். நான் முன்னால் போய்க் கேடயத்தைப் பிடித்தேன். குவாங்மோ வாளைச் சுழற்றிக்கொண்டு எனக்கும் முன்னால் ஓடினான். ஒரு பானை அவன் தலையில் விழுந்தது.

"ஐயோ, வெந்துட்டேன், வெந்துட்டேன்!"

"மெதுவாடா கண்ணா," என்றார் அண்ணன். அவனுடைய உயிர்க்கோடு சரசரவென்று ஏறியது. என்னுடையது பாதியில் நின்றது.

கண்ணா. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அந்த வார்த்தை என் பக்கம் வந்ததில்லை. போன வருஷம் என் காலில் கம்பி குத்தியபோதுகூட, "பாத்து நிக்க மாட்டியா, எருமை," என்றுதான் சொன்னார்.

அடுத்தது கிணற்றுத் தாழ்வாரம். நடுத்தரைக் கற்கள் மிதித்தால் உள்வாங்கும். கீழே கிணறு. கிணற்றில் இருப்பவள் தலைமுடியால் காலைச் சுற்றிக்கொள்வாள். எந்தக் கல் உறுதி, எந்தக் கல் பொய் என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றையும் செத்துத்தான் கற்றுக்கொண்டேன். குவாங்மோ நேராக நடுவில் நடக்கப் போனான். சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"வலது சுவத்தை ஒட்டி வா. நடுவுல கால் வெக்காத."

"தேங்க்ஸ் அண்ணே! இவருக்கு எல்லாம் தெரியுது பெரியண்ணே."

"அவன் பழைய ஆளு," என்றார் அண்ணன்.

பழைய செருப்பைச் சொல்வதுபோல் இருந்தது அது.

தாழ்வாரத்தின் கடைசியில் இரும்புக் கதவு. அதன் முன்னால் தரையில் ஒரு சதுரக் கல். யாராவது ஒருவர் கல்மேல் ஏறி நின்றால் கதவு மேலே தூக்கும். இறங்கினால் விழும். விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் கோட்டையின் கடைசிப் பேயான தலையில்லாத பிரபுவோடு அடைபட்டுச் சாக வேண்டியதுதான். நாங்கள் இரண்டு பேராகப் போனபோது இங்கேதான் திரும்பினோம். நிற்கிறவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. தூரம் அதிகம் என்பதால் அனுபவப் புள்ளியில் பங்கும் வராது. கல்லைச் சுற்றிப் பேய்கள் மட்டும் விடாமல் வரும்.

இளவரசன் கல்மேல் நிற்பான், நானும் அண்ணனும் உள்ளே போவோம் என்று நினைத்திருந்தேன். நினைப்பதற்கு என்ன இருக்கிறது, கேடயக்காரன் நான்.

"தல்ஹோ, கல்லு மேல நீ ஏறு."

"நானா? முன்னாடி போறவன் நான்ணே."

"அவனுக்கு நிக்க வராதுடா. ரெண்டு நிமிஷத்துல எறங்கி ஓடிருவான். நிக்கிறதுன்னா நீதான்."

"அது சரி பெரியண்ணே, என்னால ஒரு இடத்துல நிக்கவே முடியாது," என்று அவன் சிரித்தான்.

"அப்புறம் பந்தம் நீ பிடிக்கணும்," என்றார் அண்ணன். "வெளிச்சம் இல்லாட்டி பேய் கண்ணுக்குத் தெரியாது. பந்தத்துக்கு ரெண்டு கையும் வேணும். கேடயத்தைக் கழட்டிடு."

"சரி."

"கழட்டுனதை அவன்கிட்ட குடேன். அவனோடது தகரம். உள்ள ஒரு அடி தாங்காது."

என் கேடயத்தின் பெயர் ஆமை ஓடு. சதுப்பு நிலத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆமை அடித்து வாங்கியது. கண்ணில் நீர் வடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன் அதற்காக. கொடுக்கல் வாங்கல் பெட்டி திரையில் திறந்தது. அந்தப் பக்கம் இளவரசனின் கை காலியாக நீண்டிருந்தது. நான் கேடயத்தை அதில் வைத்தேன்.

"கனமா இருக்கும் போலிருக்கே!" என்றான்.

"தூக்கத் தெரிஞ்சவனுக்கு கனமில்ல."

"கோவமா அண்ணே?"

"போடா உள்ள."

கல்மேல் ஏறினேன். கதவு கறகறவென்று எழுந்தது. என் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போனான். அண்ணன் அவன் பின்னால் போனார். எப்போதும் என் பின்னால் நிற்கும் அதே இடைவெளியில், அதே சாய்வில். இருட்டு இருவரையும் விழுங்கியது.

எனக்குப் பேய்கள் வரத் தொடங்கின. பந்தத்தின் வெளிச்ச வட்டத்துக்குள் வந்தால் உருவம் தெரியும். கிழிந்த அங்கி, கன்னம் இல்லாத முகம். பந்தத்தாலேயே முகத்தில் குத்தினேன். மருந்துக் குப்பி குடித்தேன். மறுபடி குத்தினேன். நிஜத்தில் என் குதிகால்கள் மேசைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தன. வேலையிலும் நின்றேன், இங்கேயும் நிற்கிறேன்.

பலகைக்கு அந்தப் பக்கம் கொண்டாட்டமாக இருந்தது.

"அடிடா, அடி! இடது பக்கம் இடது பக்கம்!"

"பெரியண்ணே உயிரு! உயிரு ஏத்துங்க!"

"ஏத்திட்டேன் ஏத்திட்டேன், நீ பாத்து அடி!"

ஒரு கை சும்மா இருந்த நேரம் பார்த்து, விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. தொட்டி வாய்க்கு வெளியே நின்றால் கை தானாகத் தட்டும்.

பதில் ஒரு தட்டு வந்தது.

அது அண்ணனுடையது இல்லை. அவர் தட்டினால் பலகை அதிரும். இது லேசான, விளையாட்டான தட்டல்.

"யாரு தட்டுனது?"

"நான்தான் அண்ணே! இருக்கோம்னு அர்த்தம்தானே? பெரியண்ணே சொல்லிக் குடுத்தாரு!"

இறைச்சிக் கடைக்காரன் கத்தியைத் தீட்டும் சத்தம் கீழே இருந்து கேட்டது. நாற்காலியை எடுத்துக்கொண்டான், சரி. கேடயத்தை எடுத்துக்கொண்டான், சரி. தட்டலை எதற்கு அவனுக்குக் கொடுக்க வேண்டும்? யார்டில் எத்தனை இரும்பு இருக்கிறது, வேறு ஒரு தட்டலை உண்டாக்கிக்கொள்ள இவர்களால் முடியாதா?

அம்புக்குறி விசைமேல் என் விரல் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் ஓர் அடி. கல்லிலிருந்து இறங்கிவிடலாம். கதவு விழும். பிரபு இளவரசனைப் பிய்த்துப் போடுவார். அப்போது அவன் கையிலிருந்து விழப்போவது என்னுடைய ஆமை ஓடு என்பது ஞாபகம் வந்தது. அதற்காக மட்டும் நான் இறங்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. உள்ளே ஆள் இருக்கிறது, தகடு தொங்குகிறது, கால் நகரவில்லை. அவ்வளவுதான்.

குப்பிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அப்போது அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"விழுந்தான்! விழுந்துட்டான்!"

"அய்யய்யோ பெரியண்ணே, அது என்னது, கேடயமா? பிரபுவோட கேடயமா?"

"எடுடா! எடு எடு எடு!"

கைகள் தட்டிக்கொள்ளும் சத்தம். நாற்காலிகள் உருளும் சத்தம். பிறகு அமைதி.

வருவார்கள் என்று காத்திருந்தேன். கதவு வழியாக வெளியே வர வேண்டும், என்னைக் கடக்க வேண்டும், அண்ணன் ஒரு தட்டு தட்ட வேண்டும். பிறகு நான் இறங்கலாம். பேய்கள் நான்கு பக்கமும் கூடிவிட்டன. கடைசிக்கு முந்தைய குப்பியைக் குடித்தேன். பலகையில் இரண்டு தட்டு தட்டினேன்.

பதில் இல்லை.

திரையின் ஓரத்தில் அவர்கள் இருவரின் உயிர்க்கோடும் நிறைய இருந்தது. உயிரோடு இருக்கிறார்கள், பொருள் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன். பதில் வராவிட்டால் வெளியே நிற்பவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிற்க வேண்டும். மறுபடி தட்டினேன், இம்முறை பலமாக. பக்கத்து நாற்காலிப் பையன் திரும்பி முறைத்தான்.

"அண்ணே!" என்று கத்தினேன். ஹெட்போன் போட்டவர்கள் எங்கே கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து பலகைக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டுமானால் விசைகளிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுத்தால் என் ஆள் 'சுவர்' விழுவான், கதவு விழும்.

கடைசிக் குப்பியும் தீர்ந்தது. பந்தம் கையிலிருந்து நழுவி உருண்டது. அதன் வெளிச்சத்தில் என் மார்புக் கவசம் தரையில் விழுவதையும், கன்னமில்லாத ஒருத்தி அதைக் குனிந்து எடுத்துக்கொள்வதையும் பார்த்தேன். கதவு இறங்கியது. திரை சாம்பல் நிறமானது.

அப்போதுதான் எழுந்து பலகைக்கு மேலே பார்த்தேன். இரண்டு நாற்காலியும் காலி. இரண்டு திரையிலும் விளையாட்டின் ஊர்க் கிணற்றங்கரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. வைத்தியரும் இளவரசனும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்தபடியே, நொடியில் ஊர் சேர்க்கும் மந்திரச் சுருளைக் கிழித்திருக்கிறார்கள்.

யார்டில் இது நடப்பதுதான். தொட்டிக்கு இன்னொரு பக்கமும் வாய் இருக்கும். அவசரக்காரர்கள் அந்த வழியாக ஏறிச் சாப்பிடப் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் ஒருவன் தகட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பான். அண்ணன் ஒருநாளும் என்னை அப்படி விட்டதில்லை. அப்படி விடுகிறவர்களை நாய்கள் என்றுதான் சொல்வார்.

அவர்கள் கல்லாப் பக்கத்து மேசையில் ராம்யோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு முட்டையின் மஞ்சள் ஆகாது. எப்போதும் கரண்டியால் எடுத்து என் கிண்ணத்தில் போடுவார். அன்று குவாங்மோவின் கிண்ணத்தில் இரண்டு மஞ்சள் மிதந்தன.

"டேய் தல்ஹோ! விழுந்துச்சுடா! பிரபு கேடயம்! எங்கடா இருந்த, வா, உக்காரு. அக்கா, இவனுக்கும் ஒண்ணு!"

நான் உட்காரவில்லை. "யார் தட்டுனீங்க?" என்றேன்.

"என்னது?"

"முடிஞ்சுதுன்னு யார் தட்டுனது?"

அண்ணனின் சாப்ஸ்டிக் பாதியில் நின்றது. முகம் வெளிறுவதை நான் பார்த்தேன். "நீ... இன்னும் அங்கயாடா நின்ன?"

"செத்துட்டேன். மார்புக் கவசம் போச்சு."

"ஐயோ அண்ணே, சுருள் நான்தான் கிழிச்சேன்," என்றான் குவாங்மோ. "சந்தோஷத்துல மறந்துட்டோம். கவசம்தானே, வாங்கிக்கலாம். கேம்தானே அண்ணே."

"வாய மூடு," என்றார் அண்ணன் அவனிடம். அவர் அவனை அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

கடைக்கார அக்கா என் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். "என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க மூணு பேரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

"மேஸ்திரிகிட்ட பேர் சொல்லியாச்சாண்ணே?" என்றேன். இவ்வளவு நாள் தொண்டையில் நின்ற கேள்வி அப்படி வந்தது, ராம்யோன் ஆவிக்கு மேலே.

அண்ணன் மேசையைப் பார்த்தார். "நேத்தே சொல்லிட்டேன்."

குவாங்மோ தன் கிண்ணத்துக்குள் முகத்தை இறக்கிக்கொண்டான். யார் பெயர் என்று நான் கேட்கத் தேவைப்படவில்லை.

"அவனுக்கு வேலை கத்துக் குடுக்கணும்டா. உள்ள கூட்டிட்டுப் போயி கூடவே வெச்சுக்கணும். நீ அப்பிடி இல்ல. உன்னை எங்க விட்டாலும், யாருக்கு வேணாலும் நிப்ப."

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. நான் யாருக்கு வேண்டுமானாலும் நிற்கிறவன் இல்லை. அந்த மனிதருக்குத்தான் நின்றேன்.

ராம்யோனைத் தொடாமல் இறங்கி வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. குதிகால் தரையில் பட்டபோதெல்லாம் வலி மண்டை வரை ஏறியது.

இப்போது அவர்கள் இருவரும் பகலில் போகிறார்கள். நான் இரவில், மா சாங்குக் என்ற வெல்டருக்கு வெளியே நிற்கிறேன். அவர் நல்ல மனிதர். தட்டமாட்டார், இருமுவார், இருக்கிறார் என்று நானே தெரிந்துகொள்ள வேண்டும். ஆமை ஓட்டை அன்றைக்கே என் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன கவசத்துக்குப் பதிலாக அதைவிட நல்லதாக ஒன்றை அண்ணன் வாங்கி அனுப்பினார். நான் அதை மாட்டவில்லை, பெட்டியில் கிடக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் எதிரெதிரே வரும்போது அவர் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவருக்கு அரை அடி பின்னால் குவாங்மோ சிரித்துக்கொண்டே வருவான்.

கேடயம் வந்துவிட்டது, கவசம் வந்துவிட்டது. அன்று நான் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். பியோங்தே அண்ணன் எனக்கு ஒரு தட்டு பாக்கி.